ராத்திரி பதினொரு மணி வெயில்

சென்னை மேற்கு மாம்பலத்தில் என் பெரியம்மா குடியிருப்பது மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். போன மே மாதம் ஒரு நாள் இரவு அங்கே தங்க வேண்டி வந்தது. மணி பதினொன்று இருக்கும். படுக்கையறைச் சுவரில் தற்செயலாகக் கையை ஊன்றினேன். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "இது காத்தா? மேல இருக்கற அனலை வாரி வாரிக் கொட்டுது" என்றார் பெரியம்மா. பிறகு ஒரு துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுத்தார். இரண்டு மணிக்கு எழுந்து மறுபடி நனைத்தார். நான்கு மணிக்கு மெட்ரோ வாட்டர் மோட்டார் போட எழுந்தவர் அதற்கப்புறம் படுக்கவே இல்லை.

அவருக்கு 76 வயது. அன்றைக்குப் பகலில் அவர் வாசல் பக்கம்கூடப் போகவில்லை. "காலை 11 முதல் மாலை 3 வரை முதியவர்கள் வெளியே வர வேண்டாம்" என்று டிவியில் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர். அப்படியும் இருபத்திநாலு மணி நேரமும் வெயிலில்தான் இருந்திருக்கிறார்.

கோடை என்றால் நம் மனக்கண்ணில் வருவது உச்சி வெயில், உருகும் தார்ச்சாலை, தர்பூசணிக் கடை. இளவட்டங்களுக்கு அது சரி. நகரத்து வயதானவர்களுக்குக் கோடையின் கடினமான பகுதி ராத்திரியில், வீட்டுக்குள்ளே இருக்கிறது. நம் எச்சரிக்கைகளும் ஏற்பாடுகளும் பெரும்பாலும் பகலையும் தெருவையும் பார்த்தே போடப்பட்டவை.

முதலில், நாம் கேட்கும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். "இன்று நுங்கம்பாக்கத்தில் 39, மீனம்பாக்கத்தில் 40" என்கிறார்களே, அது நிழலில் அளந்தது. காற்றுப் புகும்படி சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், திறந்த வெளியில் வைத்த வெப்பமானியின் கணக்கு. அந்த இடத்துக்கு அது சரியான கணக்குதான். மூன்றாவது மாடி அறைக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது "வெப்ப அலை" என்ற சொல். கடலோர நிலையங்களில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். அப்போதுதான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்று அறிவிக்கும். சென்னையில் மே மாத வழக்கமே கிட்டத்தட்ட 37. ஆகவே 41, 42-க்குப் போனால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். 38 டிகிரியில், ஒரு இலைகூட அசையாமல், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில் பத்து நாள் தொடர்ந்தாலும் கணக்குப்படி அது சாதாரணக் கோடைதான். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் வயதானவர்களை வாட்டுவது அந்த மாதிரி ஒற்றை உச்சநாள் மட்டுமில்லை. தொடர்ந்து வரும் நடுத்தரப் புழுக்கமும், தணியாத இரவுகளும்தான் அவர்களைச் சாய்க்கின்றன. பஞ்சாங்கத்தில் கத்திரி மே 28 வாக்கில் முடிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் பெரிதாகக் கைகொடுக்காது. அதனால் ஜூன் பாதி வரைக்கும் சென்னைக்குக் கத்திரிதான்.

கடற்காற்று வந்தால் தப்பித்தோம் என்று இங்கே சொல்வார்கள். பெரும்பாலான நாட்களில் மதிய வாக்கில் கிழக்கிலிருந்து காற்று திரும்பும், வெப்பநிலை சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் அது வந்துசேர நாலு மணி, ஐந்து மணி ஆகிவிடும். அன்றைக்குத்தான் கொளுத்தும். கடற்காற்று சும்மா வருவதும் இல்லை, ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. வெப்பமானி இறங்கியிருக்கும், வியர்வை காயாது.

வியர்வை காயாவிட்டால் என்ன? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. வியர்த்துச் சொட்டினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். வெளிக்காற்று தோலின் சூட்டை, அதாவது கிட்டத்தட்ட 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் உடம்புக்கு வேறு வழியும் இல்லை. வயதானவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் முன்போல வேலை செய்வதில்லை. தாமதமாக வியர்க்கும், குறைவாக வியர்க்கும். உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் அதிக ரத்தத்தைத் தோல் பக்கம் தள்ள வேண்டும். எழுபது வயது இதயத்துக்கு இது ராத்திரி பகலாகப் படி ஏறுவதைப் போன்ற வேலை. வெயில் காலத்தில் முதியவர்கள் பலர் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு என்ற பெயர்களில் ஆஸ்பத்திரிக்கு வருவது இதனால்தான். "ஹீட் ஸ்ட்ரோக்", அதாவது வெப்பத் தாக்கு என்ற பெயரில் வருபவர்கள் கொஞ்சம் பேர்.

தாகமும் ஏமாற்றிவிடும். வயதாக ஆக, உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் மூளை தாகத்தைச் சரியாகச் சொல்லாது. வாய் வறளும்போது ஏற்கெனவே நிறைய வற்றியிருக்கும். அதற்கு மேல், வயதான பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைப்பார்கள். முழங்கால் வலியோடு ராத்திரி மூன்று தடவை எழுந்து கக்கூஸ் போக வேண்டுமே என்ற பயம். புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்கும் அதே கதை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பினால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பாட்டிகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அவர்களிடம் "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்வதைவிட, வழியில் சுத்தமான கழிப்பறை ஒன்று இருப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் மாத்திரை டப்பா. ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர்பிரியும் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, தூக்கத்துக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகள் எல்லாமே உடம்பு சூட்டைச் சமாளிக்கும் ஏதோ ஒரு வழியில் குறுக்கிடக்கூடியவை. நீர்பிரியும் மாத்திரை உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும், வியர்வையும் அதையேதான் செய்யும். மார்ச் மாதம் சரியாக இருந்த அளவு மே மாதத்தில் கூடுதலாகிவிடலாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதை யாரும் வெயிலின் கணக்கில் எழுதுவதில்லை. "வழுக்கி விழுந்துட்டார்" என்றுதான் சொல்வோம். அதற்காக மாத்திரையை நாமாகவே நிறுத்துவது இன்னும் ஆபத்து. கோடை தொடங்கும் முன்பு ஒரு தடவை டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, "வெயிலுக்கு இதையெல்லாம் மாத்தணுமா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுபவர்களுக்குக் கூடுதல் தலைவலி. பிரித்த குப்பியை வெளியே வைக்கலாம், பொதுவாக நாலு வாரம் வரை தாங்கும் என்பதெல்லாம் அறை 30 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான். மே மாதத்தில் எந்த மாடி வீட்டு அறை 30 டிகிரிக்குக் கீழே இருக்கிறது?

"சோடியம் இறங்கிடுச்சு" என்ற சொல் இப்போது தமிழ்நாட்டு வீடுகளில் சுகர், பிபி போலவே சரளமாகப் புழங்குகிறது. வயதானவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை, சோர்ந்து சுருண்டு படுக்கிறார். பரிசோதித்தால் உப்புச்சத்து குறைந்திருக்கும். பிபிக்காக உப்பைக் குறைத்து, நீர்பிரியும் மாத்திரையும் எடுத்து, வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் இது நடக்கலாம். இன்னொரு பக்கம், இதயம் பலவீனமானவர்களுக்கு டாக்டர் "ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான்" என்று அளந்து கொடுத்திருப்பார். டிவி மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் தனியாக வாழும் ஒரு 80 வயதுக்காரர் என்ன செய்வார்? எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவுரை சொல்வது இந்த விஷயத்தில் எடுபடாது. நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்பு, காலையில் நீராகாரம் என்று நம் பாட்டிகள் வைத்திருந்த வழக்கம் பலருக்கு இன்றும் பொருந்தும். ஆனால் கிட்னி, இதயத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அதற்கும் ஒரு அளவு வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு கூரை இருக்கும். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை பூசி, மேலே தட்டோடு பதித்த தடிமனான கூரை. உயரமான உத்தரம், முற்றம், தாழ்வாரம், திண்ணை என்று சூடு மேலே போகவும் காற்று உள்ளே நுழையவும் வழி இருந்தது. இன்றைய வீட்டுக்கு நாலைந்து அங்குல கான்கிரீட் தளம், பத்தடி உயரம். பகல் முழுக்க அந்தத் தளம் வெயிலைக் குடிக்கிறது. சூடு கான்கிரீட்டைக் கடந்து கீழ்ப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் வெளியே வெயில் தாழ்ந்து, கடற்காற்று வந்து, தெரு தணிந்த பிறகுதான் உள்ளே உத்தரம் உச்சச் சூட்டுக்கு வருகிறது. சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரைக்கும் தலைக்கு மேலே ஒரு பெரிய தோசைக்கல். பெரியம்மா சொன்னது அப்படியே உண்மை: சீலிங் ஃபேன் அந்தக் கல்லுக்குக் கீழே தேங்கிய காற்றைத்தான் இழுத்து இறக்குகிறது. காற்றே தோலைவிடச் சூடாக இருந்தால் வியர்வை நிறைய இருப்பவருக்குத்தான் ஃபேன் உதவும். வியர்க்காத உடம்புக்கு அந்த வியர்வையின் வேலையை ஈரத்துண்டுதான் செய்ய வேண்டும். பாடம் எதுவும் படிக்காமலேயே அவர் சரியான சிகிச்சையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

ஜன்னலைத் திறக்கலாமே என்பீர்கள். சாயங்காலம் ஆறு அடித்தால் சென்னையில் வயதானவர்கள் முதலில் செய்யும் காரியம் ஜன்னலைச் சாத்துவது. கொசு. வெளியே காற்று குளிர ஆரம்பிக்கும் அதே நேரத்தில் உள்ளே அனலைப் பூட்டி வைக்கிறோம். எதிர் ஃப்ளாட் சுவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தால் திறந்தும் பெரிய பலன் இல்லை என்பது வேறு விஷயம். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வெப்ப அலையில் 739 பேர் அதிகப்படியாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வாழ்ந்து, திருட்டுப் பயத்தில் கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டவர்கள் பலர். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அங்கும் பெரும்பாலும் முதியவர்கள்தான். பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த மாதம் அது. பிறகு நடந்த ஆய்வில் கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியில் படுப்பதே ஓர் ஆபத்துக் காரணம் என்று தெரியவந்தது. மேற்கு மாம்பலம் மூன்றாவது மாடிக்கும் பாரிஸ் மேல்மாடிக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் குறைவு.

ஏசி போட்டால் முடிந்தது என்று தோன்றலாம். பெரியம்மா வீட்டிலும் ஏசி இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிப் போட்டது. மகன் வீடியோ காலில் வரும்போது மட்டும் அது ஓடும். "ஏம்மா ஏசி போடலையா?" என்று கேட்பானே! இதைக் கஞ்சத்தனம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மின் கணக்கு, அதில் முதல் சில யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் குறைந்த விகிதச் சலுகைகள் போய்விடும், பில் எகிறும். ஒரு ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுத்தால்கூட, ராத்திரி எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் அதற்கு மட்டும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்தால் கோட்டைத் தாண்டியாயிற்று. இதுவாவது பென்ஷன் வரும் வீடு. அரசு தரும் முதியோர் உதவித்தொகையில் வாழ்பவரிடம் ஏசி பற்றிப் பேசவே முடியாது. பெரும்பாக்கம் மறுகுடியமர்வு அடுக்குமாடிகளில் மேல்தளத்தில் இருக்கும் முதியவருக்கு, லிஃப்ட் நின்றுபோனால் கீழே மரநிழலுக்கு இறங்கி வருவதே ஒரு நாள் வேலை.

இதெல்லாம் சேர்ந்து செய்வது என்னவென்றால், வயதானவர்களின் நாள் சுருங்குகிறது. காலை வாக்கிங் ஆறு மணியிலிருந்து ஐந்துக்குப் போகிறது, தெரு நாய்களுக்குப் பயந்து சிலர் அதையும் நிறுத்திவிடுகிறார்கள். காய்கறி, பால், கோயில் எல்லாம் எட்டு மணிக்குள் முடிய வேண்டும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் டிவியும் நாலு சுவரும்தான். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசும் நண்பர்கள் ஏப்ரலில் கலைந்தால் ஜூலையில்தான் சேர்கிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 டோக்கன் இலவசம், ஆனால் நிழல் இல்லாத ஸ்டாப்பிங்கில் இருபது நிமிடம் நிற்க முடிந்தால்தான் அந்த டோக்கனுக்கு மதிப்பு. ராத்திரித் தூக்கம் கெட்டதால் பகலெல்லாம் அசதி, பசி மந்தம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். "வயசானாலே இப்படித்தான், சிடுசிடுன்னு" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். மூன்று வாரம் சரியாகத் தூங்காத எந்த வயதுக்காரரும் சிடுசிடுப்பார்.

வீட்டுக்குள் இருக்கவே முடியாத முதியவர்களும் உண்டு. சென்னை அபார்ட்மென்ட் வாசல்களில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்களில் எத்தனை பேருக்கு அறுபதுக்குக் கீழே வயது? அவர்களுடைய அறை பெரும்பாலும் தகரக் கூரை, ஒரு ஆள் உட்காரும் அளவு. கரி இஸ்திரிப் பெட்டியோடு வண்டியருகே நிற்கும் தாத்தா, கூடையோடு நடக்கும் பூக்காரப் பாட்டி, மீன் விற்கும் அம்மா. "11 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்" என்ற அறிவிப்பு இவர்களை நினைத்து எழுதப்பட்டதில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வர ஏற்பாடு ஆனது. வெயிலுக்காகக் கொண்டுவந்த திட்டம் இல்லை அது. ஆனால் மே மாதக் க்யூவில் கைரேகைக்காகக் காத்துக் கிடந்த ஒருவருக்கு அது வெயில் திட்டம்தான்.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கணக்கில் இல்லாததற்கு ஏற்பாடும் இருக்காது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்து மொத்த இறப்புகளை மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 2013-இல் அந்த மாநகராட்சி கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம், தெற்காசிய நகரங்களில் முதலாவது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று யார் சொல்வது? மே மாத விடியற்காலையில் 82 வயதுக்காரர் எழுந்திருக்கவில்லை என்றால் நம் ஊரில் போஸ்ட்மார்ட்டம் கேட்கமாட்டோம். "தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்துவைத்தவர், நல்ல சாவு" என்போம். கல்யாணச் சாவு என்று கொட்டடித்து அனுப்பிவைப்போம். அந்த அறையின் சுவரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கைப்படி 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள், நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-இல் அது 18.2 சதவீதமாகும் என்று அதே அறிக்கை கணித்திருக்கிறது. இரவு வெப்பநிலையையும் வீட்டுக்குள் இருக்கும் சூட்டையும் எண்ணாமல், பகல் உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு எச்சரிக்கை கொடுப்பது பாதி வேலைதான்.

பெரிய காரியங்கள் அரசு கையில் இருக்கின்றன: மரம், கட்டட விதி, ராத்திரியும் திறந்திருக்கும் குளிர்ந்த பொது இடங்கள். கொசுவலை அடித்த ஜன்னலும் வெள்ளைக் கூரையும் நம் கையில். ஜன்னலுக்கு வலை அடித்தால் சாயங்காலக் காற்று உள்ளே வரும். வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், தளம் குடிக்கும் சூடு குறையும். அகமதாபாத்தில் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் இந்தக் கணக்கில்தான்.

பெரியம்மா வீட்டு மொட்டை மாடிக்கு இந்த மார்ச்சில் இரண்டு கோட் வெள்ளை அடித்தோம், ஜன்னல்களுக்கு வலையும் போட்டாயிற்று. ராத்திரி சுவர் இன்னும் சுடத்தான் செய்கிறது, ஆனால் இட்லிப் பானை மாதிரி இல்லை. ஈரத்துண்டு ஒரு தடவை நனைத்தால் போதுகிறதாம். கீழ்வீட்டு மாமிக்கு மட்டும் கோபம். வடாம் காயப்போட மாடிக்கு வந்தால் வெள்ளை கண்ணைக் கூசுகிறதாம், அசோசியேஷன் மீட்டிங்கில் எழுப்பப்போகிறாராம்.